லயத்துக்குப் பின்னால் பற்றரி உடைத்த இடமா? அந்த மண்ணை இப்படிச் சுத்தம் செய்யுங்கள்

நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேலே ஒருவர் கொஞ்ச நாள் பழைய கார் பற்றரி உடைத்து ஈயம் எடுத்து விற்றார். மிச்சத்தைக் கானுக்குள், அதாவது வடிகாலுக்குள், தள்ளிவிட்டுப் போய்விட்டார். தடியால் கிளறிப் பார்த்தால் காய்ந்த பசை மாதிரி சாம்பல் நிறத் தூள், நடுவில் கறுப்புப் பெட்டித் துண்டுகள், சுற்றிவர ஒரு புல்கூட இல்லை. நாங்கள் செய்த முதல் பிழை, குழாய் பிடித்து அதைக் கழுவியதுதான். அவ்வளவும் கீழ் லயத்து வீடுகள் பக்கம் இறங்கியது.

அந்தத் தூளில் இருப்பது ஈயம், அது நச்சு உலோகம். கோவா இலை மக்கும், சாணி மக்கும், ஈயம் மக்காது. எரித்தால் புகையிலும் சாம்பலிலும் இருக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் போகாது, வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். ஆகவே அள்ளி அகற்ற வேண்டும், முடியாததை நகராமல் அந்த இடத்திலேயே கட்டிப்போட வேண்டும். வேறு வழி இல்லை.

அள்ளும் வேலையைப் பெருமழைக்கு முன் முடியுங்கள். தூசி பறக்காதபடி மண்ணை லேசாக மட்டும் நனைத்து, கையுறை, பூட்ஸ், மாஸ்க் போட்டுக்கொண்டு, தூளையும் துண்டுகளையும் அரை அடி மேல்மண்ணோடு சேர்த்து உள்ளே பொலித்தீன் உள்ள உரபேக்கில் கட்டுங்கள். கூரைக்குக் கீழே சீமெந்துத் தரையில் வையுங்கள். பிரதேச சபைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் சொல்லுங்கள். இதை மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி உள்ளவர்கள்தான் எடுக்க வேண்டும். வேலை செய்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

அப்புறம் மிச்ச மண். ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கும்போது ஈயம், கட்மியம், ஆர்சனிக் என்று இந்த நச்சுப் பொருள்களின் பெயர் சொல்லிக் கேளுங்கள், சாதாரண மண் பரிசோதனையில் இவை வராது. நம் தேயிலை மண் புளிப்பு மண், பிஎச் (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு கூட) 4.5 முதல் 5.5 வரை இருக்கும், அந்தப் புளிப்பில்தான் உலோகம் சுலபமாகக் கரைந்து நகரும். தோட்டத்துக்கு உரமாக வரும் எப்பாவல பொஸ்பேட்டை (எப்பாவலயில் வெட்டி எடுக்கும் பாறைத் தூள்) முதலில் கலந்தால் அது மெதுவாகக் கரைந்து ஈயத்தோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத ஒரு கனிமமாக அதை மாற்றிவிடும். சில மாதம் விட்டு, புளிப்பைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்புத் தூள் போட்டு பிஎச்சை 6.5 வரை ஏற்றுங்கள். முதலிலேயே டொலமைட்டைக் கொட்டினால் பொஸ்பேட் கரையாமல் கிடக்கும். ஆர்சனிக் இருக்கும் மண்ணுக்குப் பொஸ்பேட் வேண்டாம், அது ஆர்சனிக்கை வெளியே தள்ளும். கான் ஓரத்திலும் போடாதீர்கள், ஓடையில் பாசி பிடிக்கும். தேயிலைச் செடி நிற்கும் இடத்தில் டொலமைட்டை இந்த அளவுக்குப் போடவே கூடாது.

சரிவில் மண் இறங்காமல் இருக்க வெட்டிவேர் நடுங்கள். தலையை அரை அடி விட்டு வெட்டி, சாணுக்குள் ஒரு நாற்றாக, சரிவுக்குக் குறுக்கே நெருக்கி, மழை தொடங்கும்போது நட்டால் பிடித்துக்கொள்ளும். வேர் ஆழமாக இறங்கும், அது உறிஞ்சும் ஈயத்தில் பெரும்பகுதி வேரிலேயே தங்கும், இலைக்குக் கொஞ்சம்தான் ஏறும். இருந்தாலும் அந்தப் புல்லை மாட்டுக்கு அறுத்துப் போடாதீர்கள், கூட்டுரக் குழியிலும் போடாதீர்கள். சூரியகாந்தி நட்டால் ஈயத்தை உறிஞ்சிவிடும் என்று சொல்வார்கள், அதை நம்பி இருக்க வேண்டாம், ஈயம் தண்டுக்கு ஏறுவது மிகக் குறைவு, காலம் எத்தனையோ வருடம் எடுக்கும்.

பரிசோதனை முடிவு வரும்வரை அங்கே கீரை, கரட், லீக்ஸ் எதுவும் வேண்டாம். இலையில் ஒட்டும் மண்ணும் கிழங்கில் ஒட்டும் மண்ணும்தான் வயிற்றுக்குள் போகும் பெரிய வழி. பீலித் தண்ணீரையும் கட்டாயம் பரிசோதியுங்கள், குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லீட்டருக்கு 10 மைக்ரோகிராம்.

பிள்ளைகள் அந்த இடத்தில் விளையாடியிருந்தால் காத்திருக்காதீர்கள். வெளியில் ஒரு குறியும் தெரியாமலே ஈயம் மூளையைப் பாதிக்கும். டொக்டரிடம் பற்றரி உடைத்த இடம் என்று சொல்லி, இரத்தத்தில் ஈயம் பார்க்கக் கேளுங்கள்.