மூக்கு ஆபரேஷனுக்குப் பிறகும் தொல்லை தீரவில்லையா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

மூக்குத் தண்டு, அதாவது இரண்டு துளைகளுக்கும் நடுவில் உள்ள சுவர், வளைந்திருப்பதைச் சரிசெய்ய ஆபரேஷன் முடிந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. "இவ்வளவு செலவு செய்து, வலியும் பட்டு, முன்னைவிட அதிகமாக அடைக்கிறதே" என்ற புலம்பல் ஆரம்பித்துவிடும். அந்த நேரத்திலேயே ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். உள்ளே வீக்கம் இருக்கிறது, உறைந்த ரத்தமும் பக்கும் ஒட்டியிருக்கின்றன. முதல் இரண்டு வாரம் அடைப்பது இயல்பு. பக்கு விழுந்து முடிய சில வாரங்கள் ஆகும். நேராக்கிய குருத்தெலும்பு நிலைபெற 3 முதல் 6 மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். மேல்வரிசை முன்பற்கள் மரத்துப்போவதும் உண்டு. தண்டை ஒட்டிப் போகும் நரம்பு அசைபட்டதால் வருவது அது. பெரும்பாலும் சில மாதங்களில் தானாகச் சரியாகிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆரோக்கியமான மூக்கிலேயே சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு துளை அடைத்து மறு துளை திறக்கும். ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப்பக்கம் அடைக்கும். இத்தனை நாள் நாம் கவனிக்காத விஷயம் இது. ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சை எண்ணிக்கொண்டே படுப்பவருக்கு அதுவே பெரிய நோயாகத் தெரியும்.

அதற்காக எல்லாவற்றையும் "போகப் போகச் சரியாகும்" என்று விட்டுவிடவும் கூடாது. குனியும்போது ஒரு துளையிலிருந்து மட்டும் தண்ணீர் போலத் தெளிவாகச் சொட்டி, தொண்டையில் உப்புக் கரித்தால், அது மூளையைச் சுற்றியுள்ள நீர் கசிவதாக இருக்கலாம். சைனஸ் ஆபரேஷன் செய்தவர்கள் இதை முக்கியமாக நினைவில் வைக்க வேண்டும். கண் வீங்கினாலோ, பார்வை மங்கினாலோ, இரண்டாகத் தெரிந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து இறுகினாலோ, நிற்காமல் ரத்தம் வந்தாலோ, முதல் சில நாட்களில் இரண்டு பக்கமும் திடீரென்று வலியோடு அடைத்துக்கொண்டாலோ, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள்.

வீடுகளில் நடக்கும் தவறுகளில் எனக்கு அதிகம் கவலை தருவது சொட்டு மருந்து. ஓட்ரிவின், நாசிவியான் போன்றவை ரத்தக் குழாய்களைச் சுருக்கி, சில நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும். அந்தச் சுகத்துக்குப் பழகி, நாலைந்து நாளைத் தாண்டிப் போட்டுக்கொண்டே இருந்தால், மருந்து இறங்கும்போது வீக்கம் முன்னைவிட அதிகமாகத் திரும்பும். அதற்கு மறுபடி சொட்டு மருந்து. ஆறு மாதம் கழித்து "ஆபரேஷன் பலிக்கவில்லை" என்று வருபவர்களில் சிலருக்குக் காரணம் தலையணைக்கு அடியில் இருக்கும் இந்த பாட்டில்தான். டாக்டரிடம் இதை மறைக்காதீர்கள். படிப்படியாக விடுவதற்கு வழி இருக்கிறது.

ஸ்டீராய்டு ஸ்ப்ரே வேறு வகை. அது உடனே மூக்கைத் திறக்காது. பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். "ஸ்டீராய்டா, வேண்டாம்" என்று மூன்றாம் நாளே நிறுத்துவது தவறு. மூக்கில் சதை வளர்ந்து அதை அகற்றியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சதையை எடுத்தாலும் அதை வளர்த்த அழற்சி உடம்பிலேயே இருக்கிறது. மருந்தை நிறுத்தினால் மறுபடி வளரலாம். அடிக்கும் முறையும் முக்கியம். தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, வலது துளைக்கு இடது கையால், நுனியைக் காதுப்பக்கம் திருப்பி அடிக்க வேண்டும். நடுத்தண்டைப் பார்த்து அடித்தால் அங்கே காய்ந்து ரத்தம் கசியும்.

உப்புத் தண்ணீரால் கழுவுவதைவிட நல்ல பராமரிப்பு இல்லை, ஆனால் எந்தத் தண்ணீர் என்பதில் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் அமீபா மூளைக்காய்ச்சலால் உயிர்கள் போனது நினைவிருக்கும். குடிக்கும்போது ஒன்றும் செய்யாத அந்த அமீபா, மூக்கு வழியாக ஏறினால் மூளைக்குப் போய்விடும். கேன் தண்ணீராக இருந்தாலும் கொப்புளம் விட்டு ஒரு நிமிடமாவது கொதிக்கவைத்து, ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். உப்பு அளவுக்குக் குழம்ப வேண்டாம். மூக்கு கழுவுவதற்கென்றே மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புப் பாக்கெட்டே போதும். பாட்டிலையும் கழுவிக் காயவையுங்கள். நல்லெண்ணெயோ வேறு எண்ணெயோ மூக்கில் விடும் பழக்கத்தை, அறுத்த புண் உள்ளே இருக்கும்போது செய்யாதீர்கள். நாள்கணக்கில் விட்டால் எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கிக் கெடுதல் செய்வதும் உண்டு.

பக்கை விரலால் தோண்டுவதும், முதல் இரண்டு வாரத்தில் பலமாகச் சிந்துவதும் கூடாது என்று எல்லா டாக்டரும் சொல்வார்கள். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். பலர் விடுவது மறுபரிசோதனையைத்தான். "நன்றாக இருக்கிறதே, எதற்கு இன்னொரு ஃபீஸ்?" என்று போகாமல் இருந்துவிடுகிறார்கள். உள்ளே தண்டும் பக்கச் சதையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஆரம்பத்தில் ஓ.பி.யிலேயே பிரித்துவிடலாம். விட்டுவிட்டால் அதுவே நிரந்தர அடைப்பாகும்.

வாசனை தெரியாமல் போனவர்கள் சும்மா காத்திருக்க வேண்டாம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மல் என்ற மருத்துவரின் குழுவினர் 2009இல் வெளியிட்ட முகர்தல் பயிற்சி எளிது: ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கையும் தினம் இருவேளை, கவனமாகச் சில வினாடிகள் முகர வேண்டும், குறைந்தது 12 வாரம். எல்லாருக்கும் முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது, முயற்சிப்பதில் கெடுதலும் இல்லை. அதுவரை கேஸ் அடுப்பை அணைத்ததை வீட்டில் இன்னொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

அடுத்தது, வீட்டார் செய்யும் தவறு. காற்று நன்றாகப் போகிறது, டாக்டரும் "கிளியராக இருக்கிறது" என்கிறார், நோயாளி மட்டும் மூச்சே போகவில்லை என்கிறார். உடனே "எல்லாம் உன் மனசில்தான்" என்று சொல்லிவிடுகிறோம். மூச்சு போவதை நாம் உணர்வது, காற்று மூக்கின் உட்படலத்தைக் குளிர்விப்பதை அங்குள்ள நரம்புகள் மூளைக்குச் சொல்வதால்தான். விக்ஸ் தடவினால் மூக்கு திறந்த மாதிரி இருப்பதும் இதனால்தான். உள்ளே வழி ஒரு நூல்கூட அகலமாகியிருக்காது, மென்தால் அந்தக் குளிர் நரம்புகளைத் தூண்டுகிறது, அவ்வளவுதான். மூக்கின் பக்கச் சதையான டர்பினேட்டை அளவுக்கு மீறி எடுத்துவிட்டால், இதற்கு நேர் எதிராக நடக்கலாம்: வழி அகலம், உணர்வு இல்லை. மூச்சுத் திணறல், வறட்சி, தூக்கமின்மை எல்லாம் வரும். 'வெற்று மூக்கு' என்று மருத்துவத்தில் 1990களிலேயே பெயர் வைத்த பிரச்சினை இது. அரிதானது, ஆனால் உண்மையானது. ஈரமான பஞ்சை உள்ளே சரியான இடத்தில் வைத்து, நோயாளிக்கு நிம்மதி தெரிகிறதா என்று டாக்டரே சோதிக்கலாம். ஜெல், உப்பு நீர், அறையில் ஈரப்பதம் இவற்றால் தொடங்கி, சிலருக்கு எடுத்த சதைக்கு ஈடாக உள்ளே மேடு கட்டும் சிகிச்சைவரை வழிகள் உண்டு. இதனால் வரும் மனச்சோர்வுக்கும் தனியாக மருத்துவம் தேவை. அதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மறு ஆபரேஷனுக்கு அவசரப்படுபவர்களும் இருக்கிறார்கள். அவசரநிலை இல்லாதபோது, ஆறியபின், அதாவது 6 மாதத்திலிருந்து ஒரு வருடம் கழித்துத்தான் அதைப் பேசவே வேண்டும். முதலில் காரணம் தெரிய வேண்டும். கன்னத்தை விரலால் மெதுவாகப் பக்கவாட்டில் இழுத்தால் மூச்சு சட்டென்று எளிதாகிறதா? அப்படியானால் சிக்கல் மூக்கு வாசலின் பக்கச்சுவர் உள்வாங்குவதாக இருக்கலாம். தண்டை எத்தனை முறை நேராக்கினாலும் அது தீராது. தூசி அலர்ஜியால் வரும் தும்மலும் தொண்டைச் சளியும் கத்தியால் போகிற விஷயமில்லை. குறட்டையும் தூக்கத்தில் மூச்சு நிற்பதும் மூக்கைச் சரிசெய்ததால் மட்டும் பெரும்பாலும் நிற்காது, தூக்கப் பரிசோதனை செய்ய வேண்டும்.

வேறு டாக்டரிடம் போகும்போது "இன்னும் சரியாகவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தப் பக்கம், எந்த நேரம், அடைப்பா வறட்சியா வலியா, என்னென்ன ஸ்ப்ரே எத்தனை நாள் என்று எழுதி எடுத்துப் போங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியோடு, ஆபரேஷன் குறிப்பு, பழைய சி.டி. ஸ்கேன் படங்களையும் கேட்டு வாங்கி வையுங்கள். டர்பினேட்டில் கை வைத்தார்களா, எவ்வளவு குறைத்தார்கள் என்பது அந்தக் குறிப்பில்தான் இருக்கும்.