மணிபோல் விழும் டூட்டூ: நீளப் பாலே பாவாடை தைக்கும் முறை

புதுச்சேரியில் ஏதேனும் ஒரு பள்ளியின் ஆண்டு விழாவில் பாலே நடனம் சேர்க்கப்படும்போது, பெற்றோர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, அதேபோல் தைத்துத் தரும்படி கேட்பது வழக்கம். படத்தில் பெரும்பாலும் இடுப்பிலிருந்து தட்டுப்போலப் பக்கவாட்டில் விரிந்து நிற்கும் குட்டைப் பாவாடை இருக்கும். பத்து வயதுக் குழந்தைகளுக்கு நான் அதைத் தைப்பதில்லை. கெண்டைக்கால் நடுவரை மணிபோல் விழும் நீள டூட்டூவைத்தான் (டூட்டூ என்பது பாலே பாவாடையின் பெயர்) தைக்கிறேன். இரண்டில் எதைத் தைப்பது என்பதை முடிவு செய்ய, அவை தோன்றிய காரணத்தைத் தெரிந்துகொள்வது அவசியம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பாலே ஆடிய பெண்கள் தொடக்கத்தில் தரையைத் தொடும் கனத்த அரசவை உடையில்தான் ஆடினார்கள். 18-ஆம் நூற்றாண்டில் மரி கமார்கோ தம் காலடி வேலைப்பாடு பார்வையாளருக்குத் தெரிய வேண்டும் என்று பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் உயர்த்தினார். 1832 மார்ச் 12 அன்று பாரிஸ் ஓப்பராவில் 'லா சில்ஃபீட்' அரங்கேறியபோது, காற்றில் வாழும் தேவதையாக வந்த மரி தாலியோனி, இறுகிய மேல்சட்டையும் மெல்லிய வெண்துணி அடுக்குகளால் ஆன மணிவடிவப் பாவாடையும் அணிந்திருந்தார். நாம் தைக்கப்போவது அதன் வழிவந்ததே. குட்டை வடிவம் அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வந்தது. இத்தாலிய நடனக் கலைஞர்களின் கடினமான சுழற்சிகளுக்கு முழங்காலும் தொடையும் தெரிய வேண்டியிருந்ததால் பாவாடை மேலேறியது. உள்ளே கம்பி வளையம் வைத்து முழுத் தட்டாக்கியது அதற்கும் பிந்தையது. பல ஆண்டுப் பயிற்சி பெற்ற கால்களைக் காட்டுவதற்காகப் பிறந்த உடையை, ஓராண்டு மட்டுமே பயின்ற குழந்தைக்கு அணிவிப்பது அந்தக் குழந்தைக்கு நாம் செய்யும் நன்மையன்று. நீளப் பாவாடையோ அசைவை மென்மையாக்கி, சிறு பிழைகளையும் தன் மடிப்புகளுக்குள் வாங்கிக்கொள்ளும்.

இனித் துணியைப் பார்ப்போம். முன்பு மஸ்லினும், கஞ்சியேற்றிய டார்லட்டன் என்னும் பருத்தித் துணியும் பயன்பட்டன. கடற்காற்றின் ஈரம் ஓயாத நம் ஊரில் கஞ்சி ஒரு மாலைப் பொழுதுகூட நிற்காது. ஆகவே நைலான் வலையே நமக்கு ஏற்றது. நேரு வீதியிலோ கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர்க் கடைகளிலோ 'கேன்கேன்' என்று கேட்டால் விறைப்பான வலையை எடுத்துக் கொடுப்பார்கள். பாரிஸ் நடனம் ஒன்றின் பெயரே நம் தையற்கடைகளில் ஒரு துணியின் பெயராக நிலைத்துவிட்டது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும். விறைப்பு வலை இரண்டரை மீட்டர், தொட்டால் வழுகும் மென்வலை மூன்றே முக்கால் மீட்டர், இடுப்புப் பட்டிக்கு அரை மீட்டர் காடா துணி ஆகியவை போதும். இந்தக் கணக்கு 58 அங்குல அகலமுள்ள வலைக்கு உரியது. அகலம் குறைந்தால் நீளத்தைக் கூட்டி வாங்க வேண்டும்.

குழந்தையின் இடுப்புச் சுற்று 24 அங்குலம், அதற்கு மூன்றரை அங்குலம் கீழே சுற்று 27 அங்குலம் என்று கொள்வோம். மேல்விளிம்பு 24, கீழ்விளிம்பு 27 வரும்படி பக்க இணைப்புகளில் சரிவு கொடுத்து, பின்பக்கம் ஹூக் வைக்க ஓர் அங்குலம் கூடுதலாக விட்டுக் காடா துணியை இரட்டையாக வெட்டிப் பட்டியைத் தைத்துக்கொள்ளுங்கள். பாவாடையின் முழுக் கனத்தையும் இடுப்பில் ஏற்றாமல் அதற்குக் கீழே தாங்குவது இந்தப் பட்டிதான். இது இல்லாமல் தைக்கும் பாவாடையில் குழந்தையின் இடுப்பு மூட்டைபோல் தெரியும்.

வலையை 23 அங்குல உயரத் துண்டுகளாகப் பத்து வெட்டி, இரண்டிரண்டாக இணைத்தால் 116 அங்குலச் சுற்றுள்ள ஐந்து அடுக்குகள் கிடைக்கும். பின்னடுவில் வரும் இணைப்பில் மேலிருந்து நான்கு அங்குலம் திறந்தே இருக்கட்டும். ஒவ்வோர் அடுக்கின் மேல்விளிம்பிலும் இயந்திரத்தின் மிக நீளமான தையலை இரண்டு வரிசையாக ஓட்டி, பாபின் நூலை இருபுறமும் மெதுவாக இழுத்து 28 அங்குலத்துக்குச் சுருக்க வேண்டும். ஒரே வரிசையில் ஓட்டிச் சுருக்கினால் நூல் அறுந்து முழு வேலையும் மீண்டும் தொடங்க நேரிடும்.

அடுக்குகளை வைக்கும் வரிசையில் நான் முதன்முதலில் தவறு செய்தேன். விறைப்பு உள்ளே இருந்தால்தான் பாவாடை நிற்கும் என்று எண்ணி அதைத் தோலை ஒட்டி வைத்ததில், ஒத்திகை முடிவதற்குள் அந்தக் குழந்தையின் தொடையெல்லாம் சிவந்துபோயிற்று. அன்றிலிருந்து தோலை ஒட்டி ஒரு மென்வலை, நடுவில் இரண்டு விறைப்பு வலை, வெளியே இரண்டு மென்வலை என்ற முறையையே கடைப்பிடிக்கிறேன். உள்ளடுக்கைப் பட்டியின் கீழ்விளிம்பில் பொருத்தி, அடுத்தடுத்த அடுக்குகளை அரையரை அங்குலம் மேலே ஏற்றித் தையுங்கள். ஐந்தையும் ஒரே கோட்டில் தைத்தால் அந்த இடம் கயிறு கட்டியதுபோல் தடித்துவிடும்.

பிறகு குழந்தையை நேராக நிற்கவைத்து, வெளியடுக்கைக் கெண்டைக்கால் நடுவில் சமமாக வெட்டி, உள்ளே உள்ள ஒவ்வொன்றையும் அரை அங்குலம் குறைத்து வெட்டுங்கள். வலையில் நூல் பிரியாது என்பதால் விளிம்பை மடித்துத் தைக்கத் தேவையில்லை. பட்டியிலிருந்து ஒரு சாண் கீழே, அடுக்குகளை ஒன்றோடொன்று ஓர் அங்குல நீளமுள்ள தளர்ந்த நூல் கண்ணிகளால் ஆறேழு இடங்களில் இணைத்தால், சுழலும்போது அவை தனித்தனியே பறக்காமல் ஒன்றாக எழுந்து ஒன்றாக இறங்கும். மேல்சட்டைக்குச் சாட்டின் துணியும் பருத்தி லைனிங்கும் போதும். மூச்சை இழுத்து நிறுத்தியபோது எடுத்த அளவே சரியான மார்பளவு.

நெருப்பைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். எரிவாயு விளக்குகள் மேடையை ஒளியேற்றிய காலத்தில் பாலே பாவாடைகள் பல உயிர்களைப் பறித்தன. 1862 நவம்பரில் பாரிஸில் ஓர் ஓப்பரா ஒத்திகையின்போது பாலே நடனக் கலைஞர் எம்மா லிவ்ரியின் பாவாடை விளக்கில் பட்டுப் பற்றிக்கொண்டது; எட்டு மாதங்கள் வேதனைப்பட்டு அடுத்த ஜூலையில் இறந்தபோது அவருக்கு 20 வயதுதான். தீப்பிடிக்காமல் தடுக்கும் கரைசலில் துணியை நனைக்கும் முறை அப்போதே இருந்தது. அது வெண்மையை மங்கச் செய்து துணியை விறைக்க வைக்கிறது என்று அவர் மறுத்திருந்தார். நம் மேடைகளில் எரிவாயு விளக்கு இல்லை, ஆனால் குத்துவிளக்கு இருக்கிறது. நைலான் வலை தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே நடனம் தொடங்கும் முன் குத்துவிளக்கை மேடையிலிருந்து இறக்கிவிடும்படி ஆசிரியரிடம் உடையைக் கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். டூட்டூ அணிந்த குழந்தையின் கையில் ஆரத்தித் தட்டையோ மெழுகுவர்த்தியையோ எக்காரணம் கொண்டும் கொடுக்க வேண்டாம்.

இதே காரணத்தால் வலையின்மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்கக்கூடாது; தொங்கவிட்டு, சற்றுத் தள்ளி நின்று நீராவி காட்டினால் மடிப்புகள் விலகும். விழா முடிந்ததும் மேல்சட்டையின் வியர்வை உலரும்வரை மின்விசிறியின் கீழ் வைத்து, பாவாடையைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, பழைய வேட்டியால் தைத்த பைக்குள் இடுங்கள். பிளாஸ்டிக் உறையில் இட்டால் நம் கடலோர ஈரத்தில் ஒரே மழைக்காலத்தில் பட்டியில் பூஞ்சை பிடித்துவிடும்.