டி.எல்.சி. கோட்டிங்கைத் தேய்த்துப் பார்ப்பது எப்படி

எங்கள் லேபுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருவார்கள். பையிலிருந்து கறுப்பாகப் பளபளக்கும் ஒரு பிஸ்டன் பின்னையோ வட்டத் தகட்டையோ எடுத்து மேஜையில் வைத்து, “சார், இதோட உராய்வுக் குணகம் எவ்வளவு?” என்பார்கள். பதினோரு வருடமாக பின்-ஆன்-டிஸ்க் மெஷினை ஓட்டுகிறேன். சுழலும் தகட்டின் மேல் ஒரு பின்னையோ குண்டையோ சுமையோடு அழுத்தி உரசவிட்டு, உராய்வையும் தேய்மானத்தையும் அளக்கும் மெஷின் அது. இதற்கு ஒரே எண்ணில் பதில் சொல்ல இன்னும் எனக்குத் தெரியாது. எதன் மேல் உரசப்போகிறது, எவ்வளவு சுமையில், எந்த மாதத்தில் என்று திருப்பிக் கேட்பேன். மாதத்தைக் கேட்டதும் சிரிப்பார்கள். சென்னையில் கடலுக்குப் பக்கத்தில் லேப் வைத்திருப்பவனுக்கு அது சிரிக்கிற விஷயமில்லை. பின்னால் சொல்கிறேன்.

டி.எல்.சி. என்பது வைரம் போன்ற கார்பன். வைரத்தில் இருக்கும் பிணைப்பும் கிராஃபைட்டில் இருக்கும் பிணைப்பும் ஒழுங்கில்லாமல் கலந்து கிடக்கும் படலம். தடிமன் பெரும்பாலும் 1 முதல் 4 மைக்ரான். முதலில் கேட்க வேண்டியது, அதில் ஹைட்ரஜன் உண்டா இல்லையா என்பதை. அசெட்டிலின் போன்ற வாயுவிலிருந்து படியவைத்தால் ஹைட்ரஜன் இருக்கும். கிராஃபைட் கட்டியை ஆர்க் அடித்துப் படியவைத்தால் இருக்காது. கடினம் அதிகம், ஆனால் மேலே சின்னச் சின்னத் துளிகள் ஒட்டியிருக்கும். அவை எதிரில் இருக்கும் உலோகத்தை உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். கோட்டிங் போட்டவரிடம் இதைக் கேட்டு எழுதிவைக்காமல் மெஷினில் கை வைக்காதீர்கள். இரண்டும் கண்ணுக்கு ஒரே கறுப்புதான்.

அடுத்தது, கறுப்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். மெத்தை மேல் அப்பளத்தை வைத்து விரலால் அழுத்தினால் அப்பளம் எவ்வளவு மொறுமொறுப்பாக இருந்தும் பயனில்லை, நொறுங்கிவிடும். மிருதுவான ஸ்டீல் மேல் போட்ட டி.எல்.சி.யும் அப்படித்தான். சோதனைத் தகட்டுக்கு நாங்கள் ஈ.என். 31 என்ற பேரிங் ஸ்டீலை வாங்கி, ராக்வெல் சி அளவில் 60 பக்கம் வரும்படி ஹார்டனிங் செய்து, கண்ணாடி போல் பாலிஷ் செய்த பிறகுதான் கோட்டிங்குக்கு அனுப்புகிறோம்.

தகடு திரும்பி வந்ததும் ஓரத்தில் ஒரு ராக்வெல் குத்து. 150 கிலோ சுமை, வைரக் கூம்பு. குழியைச் சுற்றி மைக்ரோஸ்கோப்பில் 100 மடங்கில் பாருங்கள். மயிரிழை விரிசல்கள் மட்டும் இருந்தால் பரவாயில்லை. குழியைச் சுற்றிக் கோட்டிங் வட்டமாக உரிந்து ஸ்டீல் வெள்ளையாகத் தெரிந்தால் ஒட்டுதல் சரியில்லை, எச்.எஃப். 1 முதல் 6 வரையிலான தரவரிசையில் அது 5 அல்லது 6. அதை மெஷினில் ஏற்றி அரை நாளை வீணாக்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள். காரணம் பெரும்பாலும் கறுப்புப் படலத்தில் இருக்காது. அதற்கும் ஸ்டீலுக்கும் நடுவே போடும் குரோமியம் அடுக்கிலோ, கோட்டிங்குக்கு முன் கழுவியதிலோ இருக்கும்.

தடிமனுக்குக் குண்டுக் குழி முறை போதும். 30 மி.மீ. விட்டமுள்ள ஸ்டீல் குண்டை வைரப் பசையோடு ஒரே இடத்தில் சுழலவிட்டால், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டங்கள் கிடைக்கும். வெளி விட்டத்தின் வர்க்கத்திலிருந்து உள் விட்டத்தின் வர்க்கத்தைக் கழித்து, குண்டு விட்டத்தின் நான்கு மடங்கால் வகுங்கள். வெளியே 0.80, உள்ளே 0.63 மி.மீ. என்றால் 0.002 மி.மீ. வரும், அதாவது 2 மைக்ரான்.

இனி கழுவுதல். தகட்டை அசிட்டோனில் பத்து நிமிடம், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பத்து நிமிடம் அல்ட்ராசோனிக்கில் வையுங்கள். எல்லோரும் இதைச் செய்கிறார்கள், தகட்டின் மேல் உரசப்போகும் குண்டை மறந்துவிடுகிறார்கள். பேரிங் குண்டுகள் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவித்தான் வருகின்றன. வேலைக்குச் சேர்ந்த புதிதில் டப்பாவிலிருந்து அப்படியே எடுத்து மாட்டினேன். உராய்வு 0.08இல் ஆடாமல் அசையாமல் ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாவது குண்டைக் கழுவி மாட்டியதும் 0.15. நான் அளந்தது எண்ணெயைத்தான்.

சுமையை ஏனோதானோவென்று வைக்காதீர்கள். 6 மி.மீ. ஸ்டீல் குண்டை 10 நியூட்டனில் அழுத்தினால் தொடும் வட்டத்தின் விட்டம் தொடக்கத்தில் சுமார் 0.12 மி.மீ., நடுவில் அழுத்தம் ஏறக்குறைய 1.4 ஜிகாபாஸ்கல். நிறைய இயந்திர பாகங்களுக்கு இதுவே தாராளம். சீக்கிரம் முடிவு தெரிய வேண்டுமென்று 50 நியூட்டன் வைத்தால், சோதனை கோட்டிங்கிலிருந்து நகர்ந்து அடியிலிருக்கும் ஸ்டீலுக்குப் போய்விடும்.

இப்போது மாதத்துக்கு வருவோம். ஹைட்ரஜன் உள்ள படலத்தில் கார்பன் அணுக்களின் கைகளை ஹைட்ரஜன் பிடித்துக்கொண்டிருக்கும். எதிரில் இருப்பதோடு ஒட்ட அவற்றுக்கு அதிகம் கை மிச்சமில்லை. அதனால் உலர்ந்த நைட்ரஜனில் வழுக்கிக்கொண்டு போகும். அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் அலி எர்டெமிரின் குழு இப்படித்தான் 0.001 அளவுக்கு இறக்கிக் காட்டியது. அந்தக் கட்டுரையை அச்செடுத்துக்கொண்டு வந்து, “எங்களுக்கும் இந்த நம்பர் வேணும்” என்று கேட்டவர்கள் உண்டு. காற்றில் நீராவி சேர்ந்தால் அது மேலே படிந்து அந்த வழுக்கலைக் கெடுக்கிறது, 0.1, 0.2 என்று ஏறும். ஹைட்ரஜன் இல்லாத படலமோ நேர் எதிர். உலர்ந்த இடத்தில் கைகள் சும்மா நீட்டிக்கொண்டிருக்கும், எதிரில் இருப்பதைப் பற்றி இழுக்கும், உராய்வு எகிறும். அதற்கு நீராவிதான் மருந்து.

ஒருமுறை ஒரே பேட்ச் தகடுகள், ஹைட்ரஜன் உள்ளவை. மே மாதம் ஏ.சி. ஓடும்போது 0.11, ஐப்பசி மழையில் ஏ.சி. கெட்டுப்போயிருந்தபோது 0.19. இரண்டாவதாகச் சோதித்த தகடுகள் மட்டம் என்று கோட்டிங் போட்டவரோடு வாடிக்கையாளர் சண்டைக்குப் போய்விட்டார். என் ரிப்போர்ட்டில் ஈரப்பதம் என்ற வரியே இல்லை. தப்பு என் மேல். அன்றிலிருந்து அந்த வரியை நிரப்பாமல் கையெழுத்துப் போடுவதில்லை.

விலையுயர்ந்த சேம்பர் இல்லையா? மெஷினைச் சுற்றி அக்ரிலிக் பெட்டி கட்டுங்கள். உள்ளே அகலமான தட்டில் தண்ணீர் விட்டு, கரையாமல் அடியில் தங்கும் அளவுக்குச் சமையல் உப்பைக் கொட்டி வையுங்கள். பெட்டிக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். உப்புக்குப் பதில் மெக்னீசியம் குளோரைடு என்றால் 33 சதவீதம். சின்ன ஃபேன் ஒன்றைப் போட்டு, முதல் நாள் இரவே மூடிவிடுங்கள். ஹைக்ரோமீட்டரைக் குண்டுக்குப் பக்கத்தில் வையுங்கள், சுவரில் மாட்டாதீர்கள்.

மற்றது எளிது. தட விட்டம் 10 மி.மீ., வேகம் நொடிக்கு 0.1 மீட்டர், தூரம் 1000 மீட்டர். சுமார் 31,800 சுற்று, இரண்டே முக்கால் மணி நேரம். டீ குடிக்கப் போகலாம், ஆனால் முதல் கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். உராய்வுக் கோடு மேலே தொடங்கி மெல்ல இறங்கும். அந்த நேரத்தில் கார்பன் பொடி குண்டின் மேல் படலமாக ஒட்டிக்கொள்கிறது. பிறகு உரசுவது கார்பனும் கார்பனும்தான். நடுவில் நிறுத்தி, சுத்தமாக இருக்கட்டுமே என்று குண்டைத் துடைத்தால், எல்லாம் முதலிலிருந்து. ஓடிக்கொண்டிருந்த கோடு திடீரென 0.5, 0.6க்குத் தாவினால் கோட்டிங் ஓட்டையாகி ஸ்டீலும் ஸ்டீலும் உரசுகின்றன. உடனே நிறுத்துங்கள், எத்தனையாவது மீட்டர் என்று குறியுங்கள்.

முடிந்ததும் எல்லோரும் தகட்டைத்தான் எடுக்கிறார்கள். நான் முதலில் குண்டைக் கழற்றி, துடைக்காமல் மைக்ரோஸ்கோப்பில் வைப்பேன். தேய்ந்த வட்டத்தின் மேல் கருஞ்சாம்பல் பூச்சு சீராக இருந்தால் கோட்டிங் தன் வேலையைச் செய்திருக்கிறது. பளபளப்பான கீறல்களும் ஓரத்தில் செம்பழுப்புப் பொடியும் இருந்தால், தகடு தேயாமல் குண்டைத் தின்றிருக்கிறது. எஞ்சினில் அந்தக் குண்டின் இடத்தில் புஷ்ஷோ கனெக்டிங் ராடோ இருக்கும். தன்னைக் காப்பாற்றிக்கொண்டு ஜோடியைக் கொல்லும் கோட்டிங்கை நான் பாஸ் பண்ணுவதில்லை.

தகட்டில் தடத்தின் குறுக்குவெட்டை, மேடுபள்ளம் அளக்கும் புரொஃபைலோமீட்டரில் நான்கு இடங்களில் எடுத்துச் சராசரி பாருங்கள். 32 சதுர மைக்ரான் என்று வைப்போம். 31.4 மி.மீ. சுற்றளவால் பெருக்கினால் ஏறக்குறைய 0.001 கன மி.மீ. சுமையாலும் தூரத்தாலும் வகுத்தால், ஒரு நியூட்டனுக்கும் ஒரு மீட்டருக்கும் ஒரு கன மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. நல்ல கோட்டிங். தடம் 0.2 மி.மீ. அகலம் என்றால் நடு ஆழம் கால் மைக்ரான்கூட இல்லை. 2 மைக்ரானில் நிறைய மிச்சம். இதன் பத்து மடங்கு தேய்ந்தால், தடம் 0.3 மி.மீ. அகலமானாலும் நடு ஆழம் 1.6 மைக்ரான் ஆகிவிடும். அப்போது “தேறியது” என்று எழுத எனக்குக் கை வராது.

லேசர் ஒளி சிதறுவதை வைத்துப் பிணைப்புகளைக் காட்டும் ராமன் கருவி வசதி இருந்தால் தடத்துக்குள் ஒன்று, வெளியே ஒன்று எடுங்கள். உள்ளே 1350 செ.மீ.⁻¹ பக்கமுள்ள மேடு உயர்ந்திருந்தால் உரசல் சூட்டில் கார்பன் கிராஃபைட் பக்கம் சாய்ந்திருக்கிறது.

இத்தனையும் உலர்ந்த சோதனை. பாகம் எண்ணெயில் ஓடுவதென்றால் அதே எண்ணெயில் இன்னொரு முறை ஓட்டுங்கள். பாட்டிலோடு வரச் சொல்லுங்கள். உராய்வைக் குறைக்க எஞ்சின் ஆயிலில் சேர்க்கும் மாலிப்டினம் சேர்மம் ஒன்று உண்டு. ஸ்டீலுக்கு அது நல்லது, ஹைட்ரஜன் உள்ள டி.எல்.சி.யை அது வேகமாக அரித்துவிடும். உலரில் தேறிய தகடு அந்த எண்ணெயில் வெள்ளைத் தடத்தோடு வெளியே வந்ததை நானே பார்த்திருக்கிறேன், உராய்வுக் கோடு கடைசி வரை அழகாக ஓடியிருந்தது.