எடுத்ததற்கெல்லாம் ஜென் வேண்டாம்: ஓசு படங்களை விமர்சிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயல்நாட்டுப் படத்தில் ஒரு காட்சி பிடிபடாவிட்டால், "அது அவர்களுடைய பண்பாடு" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது விமர்சகர்களுக்கு வசதியான வழி. ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு இதற்கு நிறையவே ஆளாகியிருக்கிறார்.

அவருடைய கேமரா பெரும்பாலும் தாழ்ந்தே இருக்கும். பாயில் அமர்ந்திருக்கும் ஜப்பானியரின் பார்வை அது என்ற விளக்கம் கட்டுரைக்குக் கட்டுரை வந்துகொண்டிருக்கிறது. படத்தைச் சற்று நிதானமாகப் பார்த்தால் இந்த விளக்கம் நிற்காது. தரையில் அமர்ந்தவரின் கண்மட்டத்துக்கும் கீழேதான் கேமரா பெரும்பாலும் இருக்கிறது. பாயே இல்லாத அலுவலகத்திலும் தெருவிலும்கூட அதே தாழ்வுதான். அமெரிக்க ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல் 1988-இல் வெளிவந்த தமது நூலில் இதை விரிவாக எடுத்துக்காட்டினார். பாயில் அமரும் பழக்கம் நாடு முழுவதற்கும் பொது; மற்ற ஜப்பானிய இயக்குநர்கள் ஏன் கேமராவை அங்கே வைக்கவில்லை? இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டாலே பாதித் தவறு குறையும். அது ஓசு தமக்கென வகுத்துக்கொண்ட விதி.

'லேட் ஸ்பிரிங்' (1949) படத்தின் பூச்சாடிக்கும் இதே கதிதான். கியோட்டோ விடுதியில் மகள் நோரிகோ பேசிக்கொண்டிருக்கும்போதே அப்பா உறங்கிவிடுகிறார். அவள் முகத்தில் புன்னகை. அடுத்து, மங்கிய அறையில் ஒரு சாடி. மறுபடி அவள் முகம், இப்போது அழுகையின் விளிம்பில். அமெரிக்க விமர்சகரும் பின்னாளில் இயக்குநருமான பால் ஷ்ரேடர் 1972-இல் எழுதிய நூலில் ஓசுவின் பாணியை ஜென் பௌத்தக் கலை மரபோடு இணைத்தார். அதை நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம். குறைந்தபட்சம் அது உழைத்து எழுதிய வாதம். சாடியைக் கண்டதும் 'ஜென்' என்று எழுதிவிடுகிறவர்களின் கண்ணில், அதே படத்தின் சைக்கிள் காட்சியில் நிற்கும் கோகோ கோலா விளம்பரப் பலகை படுவதில்லை. நோரிகோவுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை ஹாலிவுட் நடிகர் கேரி கூப்பரின் சாயலில் இருக்கிறாராம். அவளோ போர்க்காலக் கட்டாய உழைப்பில் உடல்நலம் கெட்டுத் தேறியவள். அமெரிக்கப் படைகளின் ஆட்சியில், அவர்களுடைய தணிக்கையின் கீழ் எடுக்கப்பட்ட படம் இது. பழைய ஜப்பானை மட்டும் தேடுகிறவருக்கு இவை எதுவும் தெரிவதில்லை.

ஓர் இயக்குநரை ஒரு நாட்டின் குரலாக்குவது இன்னொரு தவறு. ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'யில் (1953) துணை இயக்குநராக வேலை செய்த ஷோஹெய் இமாமுரா, பின்னர் ஓசுவின் பாணிக்கு நேர் எதிரான படங்களை எடுத்தார். அவரும் ஜப்பானியர்தான். முதிய பெற்றோர் பிள்ளைகளுக்குச் சுமையாகும் 'டோக்கியோ ஸ்டோரி'யின் கதையைக் கீழைநாட்டுக் குடும்பநெறியின் புலம்பலாகப் படிப்பவர்கள், அதன் தூண்டுதல்களில் ஒன்று லியோ மெக்கேரியின் 1937 ஹாலிவுட் படம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதற்காக உள்ளூர் விமர்சகர் சொல்வதே இறுதித் தீர்ப்பு என்றும் இல்லை. 1951-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் ஜப்பானியப் படமான 'ரஷோமோன்' தங்கச் சிங்கம் விருது பெற்றபோது, வெளிநாட்டவருக்கு விநோதமாகத் தெரிந்ததால்தான் பிடித்துப்போனது என்று ஜப்பானிலேயே சிலர் குறைத்துப் பேசினார்கள். அதன் இயக்குநர் அகிரா குரோசவாவுக்கு அதில் மனக்கசப்பு உண்டு.

கடைசியாக, கைக்குக் கிடைத்த நான்கு படங்களை வைத்து ஆளை அளப்பது. ஓசு 'மிக ஜப்பானியத்தனமானவர்', அயல்நாட்டில் எடுபடமாட்டார் என்று ஜப்பானியப் படத்துறையே நினைத்ததால், அவருடைய படங்கள் மேற்குக்குத் தாமதமாகவே போயின. போனவையும் பெரும்பாலும் அமைதியான பிற்காலப் படங்கள். 1933-இல் அவர் எடுத்த 'டிராக்நெட் கேர்ள்' ஒரு குண்டர் படம்: குத்துச்சண்டைக் கூடம், இசைத்தட்டுக் கடை, கைத்துப்பாக்கி எல்லாம் உண்டு. ஜென் என்று எழுதுமுன் அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.