ஆங்கிலத்தில் 'பாக்' என்ற பெயரைக் கையாள்வது

ஜெர்மனில் 'பாக்' (Bach) என்றால் சிற்றோடை. ஆங்கிலத்தில் அந்தப் பொருள் வராது. அங்கே அது வெறும் குடும்பப்பெயர்தான், பெரும்பாலும் ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக்கைக் குறிக்கும்.

முதலில் உச்சரிப்பு. 'பா'வை நன்றாக நீட்டுங்கள். இறுதியில் 'க்' போதும், ஆங்கிலேயர் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஜெர்மன் ஒலியே வேண்டுமென்றால் 'எஃகு' சொல்லும்போது தொண்டையில் உரசும் காற்றை நினைத்துக்கொள்ளுங்கள். எழுத்தைப் பார்த்து 'பாச்' என்பதுதான் வழக்கமான தவறு. சிறிய எழுத்தில் தொடங்கி 'பேட்ச்' என்று ஒலித்தால், அது நியூசிலாந்தில் விடுமுறைக் குடில்!

பெயரை மட்டும் எழுதினால் யோஹான் செபாஸ்டியன் (1685–1750) என்றே கொள்வார்கள். மகன்களைச் சொல்லும்போது முன்னெழுத்து கட்டாயம்: சி.பி.இ. பாக், ஜே.சி. பாக். பின்னவர் லண்டனில் வாழ்ந்தவர், அதனால் குழப்பம் எளிதில் வரும்.

இசையைக் குறிக்க, 'ஐ ப்ளேட் சம் பாக்' (I played some Bach) எனலாம். இங்கே 'எ' (a) சேர்க்கக்கூடாது. 'எ பாக் ஃபியூக்' (ஃபியூக் என்பது ஒரு வகை இசைப்படைப்பு) என்றால் சரி, ஏனெனில் அந்த 'எ' ஃபியூக்குக்கு உரியது. அவர் பாணியில் இருப்பதைச் சொல்ல 'பாக்கியன்' என்ற பெயரடை உண்டு. தமிழ்க் காதுக்குக் கொஞ்சம் வேடிக்கைதான்.