அமெரிக்கப் பாலைவனத்தில் அரசு நிலத்தை வாங்குவது எப்படி?

நெவாடா மாநிலத்தில் ஏறக்குறைய 80 சதவீத நிலம் மத்திய அரசின் கையில் இருக்கிறது. அதில் தனக்குத் தேவைப்படாத துண்டு நிலங்களை நில மேலாண்மைப் பணியகம் (பி.எல்.எம்.) அவ்வப்போது விற்கிறது. அரசு இலவசமாகத் தருகிறது என்று யாராவது வீடியோ போட்டால் நம்பாதீர்கள். குடியேறுபவர்களுக்கு நிலம் கொடுத்த ஹோம்ஸ்டெட் சட்டம், அலாஸ்கா தவிர மற்ற இடங்களில் 1976லேயே முடிந்துபோனது. இப்போது சந்தை மதிப்புக்குக் குறைத்து விற்கக் கூடாது. ஆக, ஒரு நிலம் மலிவாகக் கிடைத்தால் அதன் மதிப்பே அவ்வளவுதான். ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை.

படி 1: தகுதி. 18 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். எச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருக்கும் நம்மவர்கள் சொந்தப் பெயரில் ஏலம் கேட்க முடியாது.

படி 2: அறிவிப்பு. விற்பனைக்குக் குறைந்தது 60 நாள் முன்பே ஃபெடரல் ரெஜிஸ்டர் என்ற அரசிதழில் வெளியாகும். விலையோடு நிறுத்தாமல் நிபந்தனைகளையும் படியுங்கள். பெரும்பாலும் கனிம உரிமையை அரசே வைத்துக்கொள்ளும்.

படி 3: நேரில் பார்ப்பது. இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். நிலத்தின் அடையாளம் டவுன்ஷிப், ரேஞ்ச், செக்‌ஷன் என்ற நில அளவைக் கட்ட எண்களில் இருக்கும். ஒரு டவுன்ஷிப்பில் 36 செக்‌ஷன்கள், ஒவ்வொன்றும் சுமார் 640 ஏக்கர். வரைபடத்தில் இடத்தைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.

முதலில் பாதை. செயற்கைக்கோள் படத்தில் மண் தடம் தெரிகிறது என்பதற்காக அதில் போய்வர உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு என்று அர்த்தமில்லை. நடுவே வேறொருவர் நிலம் இருந்தால் சிக்கல்தான்.

அடுத்தது தண்ணீர். அக்கம்பக்கத்தில் போட்ட ஆழ்துளைக் கிணறுகளின் பதிவுகளை நெவாடா நீர்வளத் துறை இணையத்தில் வைத்திருக்கிறது. எத்தனை அடியில் தண்ணீர் என்று அதில் பாருங்கள். லாரித் தண்ணீரை நம்பி வாங்குவதாக இருந்தால் அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள். வறண்ட ஓடைப் படுகையும் வேண்டாம். பாலைவனத்தில் திடீர் வெள்ளம் வரும்.

அப்புறம் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்ற உள்ளூர் நிர்வாகம்) அலுவலகம். அங்கே வீடு கட்டவும் செப்டிக் டேங்க் போடவும் அனுமதி கிடைக்குமா என்று கேளுங்கள். மொஹாவி பாலைவனப் பகுதியில் பாலைவன ஆமை 1990 முதல் மத்திய அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பதால், அதன் வாழிடத்தில் தோண்டக் கட்டுப்பாடு வரலாம்.

படி 4: ஏலம். மூடிய உறையிலோ வாய்மொழியாகவோ நடக்கும். முன்பணம் கட்டி, மீதியை 180 நாளுக்குள் செலுத்த வேண்டும். தவறினால் முன்பணம் போய்விடும்.

படி 5: பத்திரம். பணம் முழுவதும் கட்டியதும் பேட்டன்ட் என்ற உரிமைப் பத்திரம் வரும். கவுண்டியில் பதிவு செய்யுங்கள். ஆண்டுதோறும் சொத்து வரியும் உண்டு.

இன்னும் மலிவாக வேண்டும் என்பவர்கள் வரி பாக்கிக்காகக் கவுண்டிகள் நடத்தும் ஏலத்தைப் பார்க்கலாம். கலிஃபோர்னியாவில் பொதுவாக 5 ஆண்டு பாக்கி நின்றால் நிலம் ஏலத்துக்கு வரும். ஆனால் விற்பனையை எதிர்த்து ஓராண்டுக்குள் வழக்குப் போட இடமுண்டு. அதுவரை அங்கே ஒரு செங்கல்கூட வைக்காமல் இருப்பது நல்லது.