உள்ளாட்சித் தேர்தல்: வேட்புமனுவில் முன்மொழிபவர் கையெழுத்தைச் சரியாகப் பெறுவது எப்படி?

தமிழ்நாட்டு உள்ளாட்சித் தேர்தலில் ஒரு வேட்பாளரை முன்மொழிய ஒரே ஒரு வாக்காளர் போதும். பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று பலர் அலைவது சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் விதியைக் கேள்விப்பட்டுத்தான். அங்கும்கூட அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் போதும், மற்றவர்களுக்குத்தான் பத்துப் பேர். ஒருவர் போதும் என்பதால் அந்த ஒருவர் சரியான ஆளாக இருந்தாக வேண்டும்.

1. ஆளைத் தேர்ந்தெடுங்கள்

நகரத்துக்கு உதாரணமாகச் சேலம் மாநகராட்சியை எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே 60 வார்டுகள். வேட்பாளரின் பெயர் மாநகராட்சியின் எந்த வார்டுப் பட்டியலிலும் இருக்கலாம். முன்மொழிபவர் பெயரோ போட்டியிடும் வார்டின் பட்டியலிலேயே இருக்க வேண்டும். அம்மாபேட்டையிலோ சூரமங்கலத்திலோ பக்கத்துத் தெரு வேறு வார்டாக இருக்கலாம், ஆகவே "நம்ம ஏரியாதானே" என்று நம்பி விடாதீர்கள்.

கிராமப்புறத்துக்கு உதாரணம் ஏற்காடு ஒன்றியம், அதில் 9 கிராம ஊராட்சிகள். அங்கே ஊராட்சி வார்டு உறுப்பினர் பதவிக்கு அந்த வார்டின் வாக்காளர் முன்மொழிய வேண்டும். ஊராட்சித் தலைவருக்கு அந்த ஊராட்சியின் எந்த வார்டு வாக்காளரும் முன்மொழியலாம். ஒன்றிய வார்டுக்கும் மாவட்ட ஊராட்சி வார்டுக்கும் அந்தந்த வார்டு எல்லைக்குள் ஓட்டு இருக்க வேண்டும். எஸ்டேட் தொழிலாளர்களுக்கான லைன் வீடுகளில் இருப்பவர்கள் வேலை மாறிப் போன பிறகும் பெயர் பழைய இடத்துப் பட்டியலிலேயே இருந்துவிடும். திருமணமாகி வந்த பெண்களுக்கும் இப்படி நேர்வதுண்டு. குடியிருக்கும் இடத்தை வைத்து முடிவு செய்யாமல் பட்டியலைப் பாருங்கள்.

பெண்களுக்கான வார்டில் ஆண் முன்மொழியலாம். பழங்குடியினருக்கோ பட்டியல் இனத்தவருக்கோ ஒதுக்கிய இடத்தில் முன்மொழிபவர் அந்தச் சமூகத்தவராக இருக்க வேண்டியதில்லை. இட ஒதுக்கீடு வேட்பாளருக்கு மட்டுமே.

2. எண்ணைச் சரியான பட்டியலிலிருந்து எடுங்கள்

இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். உள்ளாட்சிக்கு வார்டு வாரியாகத் தனி வாக்காளர் பட்டியல் வெளியிடப்படும். சட்டமன்றப் பட்டியலை அடிப்படையாகக் கொண்டதுதான் என்றாலும், வார்டு வாரியாகப் பிரித்து அடுக்கும்போது வரிசை எண் மாறிவிடும். செல்போனில் தேடி எடுத்த சட்டமன்றப் பட்டியலின் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் மனுவில் எழுதினால், பரிசீலனையின்போது அந்த எண்ணில் வேறொருவர் பெயர் இருக்கும். வாக்காளர் அடையாள அட்டையிலும் உள்ளாட்சி வார்டு எண் இருக்காது. மாநகராட்சி அலுவலகத்திலோ ஒன்றிய அலுவலகத்திலோ வார்டுப் பட்டியலை நேரில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பெயரையும் இன்ஷியலையும் அதில் அச்சாகியிருப்பது போலவே எழுதுங்கள்.

3. நிரப்பிய பிறகே கையெழுத்து

வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கவே கூடாது. பதவி, வார்டு எண், வேட்பாளர் பெயர் எல்லாம் எழுதி முடித்து, முன்மொழிபவருக்குப் படித்துக் காட்டிவிட்டு, உங்கள் கண்ணெதிரே போடச் சொல்லுங்கள். வழக்கமாக வங்கியில் போடும் கையெழுத்தாகவே இருக்கட்டும். 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு தள்ளுபடியானது, முன்மொழிந்தவர்களில் இருவர் "அது எங்கள் கையெழுத்தே இல்லை" என்று சொன்னதால்தான். உள்ளாட்சியில் இருப்பதே ஒரு கையெழுத்து. அவர் மறுத்தால் மனு நிற்காது.

கைநாட்டு வைப்பவர் என்றால் வீட்டில் வைத்து அனுப்ப வேண்டாம். நேரில் அழைத்துப் போய்த் தேர்தல் நடத்தும் அலுவலர் முன்னிலையில் வைத்து, அந்த அலுவலரின் சான்றொப்பத்தைப் பெறுங்கள்.

ஒரே பதவிக்கு இரண்டு வேட்பாளர்களுக்கு ஒருவரே கையெழுத்திடுவதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். சின்ன ஊரில் உறவுக்காரர்கள் இருவர் கேட்டால் மறுப்பது சங்கடம்தான், ஆனாலும் யாராவது ஒருவருக்கு மட்டும் போடுவதே நல்லது.

4. டெபாசிட்

2019 ஊரகத் தேர்தலில் ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு 200 ரூபாய், ஊராட்சித் தலைவருக்கும் ஒன்றிய வார்டுக்கும் 600, மாவட்ட ஊராட்சி வார்டுக்கு 1000. 2022 தேர்தலில் மாநகராட்சி வார்டுக்கு 4000. பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு இதில் பாதி, அதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். அடுத்த தேர்தலுக்கான தொகையை அப்போதைய அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. தாக்கலும் பரிசீலனையும்

கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். முதல் நாட்களிலேயே கொடுத்தால், முன்மொழிபவர் வேறு வார்டுக்காரர் என்று தெரியவந்தாலும், சரியான ஆளைப் பிடித்து இன்னொரு மனு போட நேரம் இருக்கும். பரிசீலனை நாளன்று முன்மொழிபவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கையெழுத்தைப் பற்றிக் கேள்வி எழுந்தால் "நான்தான் போட்டேன்" என்று சொல்ல அவர் அங்கேயே இருப்பார்.